வன்னியில் சுயதொழில் தொடங்க அரச உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், எங்கள் ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பல வருஷம் செயலாளராக இருந்தேன். படிவம் நிரப்பவும் கடிதம் எழுதவும் பின்னேரங்களில் வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். கடன் வட்டியும் உச்சத் தொகையும் அடிக்கடி மாறுகிறவை. அவற்றை அந்தந்த அலுவலகத்திலேயே கேளுங்கள்.

தொழில் தொடங்குகிற ஆளுக்கு அரசாங்கம் மாதாமாதம் காசு தருமா?

தராது. இந்தக் கேள்வி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து போன் வந்த அடுத்த நாள்தான் என்னிடம் வரும். ஜேர்மனியில் இருக்கிற சித்தப்பா, "இங்கை கடை போடுறவனுக்குக் கவுண்மென்ட் சம்பளம் மாதிரிக் குடுக்குது" என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அங்கே வேலையிழப்புக் காப்புறுதிப் பணம் எடுத்துக்கொண்டிருப்பவர் சொந்தத் தொழிலுக்கு மாறினால், அந்தப் பணத்தின் அளவும் அதற்கு மேல் மாதம் 300 யூரோவும் ஆறு மாதத்துக்குக் கிடைக்கலாம். பிறகு இன்னொரு ஒன்பது மாதத்துக்கு 300 யூரோ மட்டும் நீடிக்கலாம். அதுவும் உரிமை இல்லை, அதிகாரி பார்த்துத் தருவது. காப்புறுதியில் குறைந்தது 150 நாள் மிச்சமிருக்கவும் வேண்டும். இலங்கையில் அப்படியொரு வேலையிழப்புக் காப்புறுதியே கிடையாது. அதனால் அதன்மேல் கட்டிய உதவியும் இல்லை.

இங்கே கிடைப்பவை பொருளாக வரும் மானியம், வட்டி குறைந்த கடன், இலவசப் பயிற்சி. முதல் ஆறு மாதம் வீட்டில் உலை கொதிக்கக் காசு எங்கிருந்து வரும் என்று நான் நிரப்பிய எந்தப் படிவமும் கேட்டதில்லை. அதை நீங்கள்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் எங்கே போவது?

உங்கள் பிரதேச செயலகத்துக்கு. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என நாலு இருக்கின்றன. முல்லைத்தீவில் ஆறு, வவுனியாவில் நாலு, மன்னாரில் ஐந்து. நேரே கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போனாலும் "உங்கட டி.எஸ். ஒபிசுக்குப் போங்கோ" என்றுதான் திருப்பி அனுப்புவார்கள்.

உள்ளே போனால் ஒரு மேசையோடு நின்றுவிடாதீர்கள். இது முக்கியம். சிறு தொழில் முயற்சி அபிவிருத்திப் பிரிவின் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். தொழில் திட்டம் எழுதவும் வங்கியோடு பேசவும் உதவுவது அவருடைய வேலை. விதாதா வள நிலையம் உணவு பதனிடல் போன்றவற்றுக்குப் பயிற்சி தரும். வறுமை ஒழிப்புக்கான சமுர்த்திப் பிரிவுக்குத் தனி வங்கியே இருக்கிறது. பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியோரிடமும் தனித்தனித் திட்டங்கள் இருக்கும். சிலது கொழும்பு அமைச்சின் காசு, சிலது மாகாண சபையின் காசு. பக்கத்து மேசையில் என்ன திட்டம் ஓடுகிறது என்பது இந்த மேசைக்குப் பல நேரம் தெரியாது. ஒருவரைப் பார்த்து "இல்லை" என்ற பதிலோடு முறிகண்டி வரைக்கும் பஸ்ஸில் திரும்பி வந்தவர்கள், அதே கட்டடத்தில் மூன்றாவது அறையில் விண்ணப்பம் திறந்திருந்ததைப் பிறகு கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

பனைப் பொருள் என்றால் 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை, தென்னை என்றால் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை, வள்ளம் வலை என்றால் கடற்றொழில் திணைக்களம், மாடு கோழி என்றால் மாகாணக் கால்நடைத் திணைக்களம், பட்டறை வேலை என்றால் கைத்தொழில் அபிவிருத்திச் சபை. இவற்றையும் விசாரியுங்கள்.

மானியம் காசாகக் கையில் வருமா?

அநேகமாக வராது. மெஷினாக, குஞ்சாக, வலையாக வரும். சில திட்டங்களில் ஒரு பங்கை நீங்களும் போட வேண்டும். விலைக்கோரல் எடுத்து வாங்குவது அலுவலகம் என்பதால், வருகிற பொருளின் ரகம் உங்கள் விருப்பமாக இருக்காது. ஆகவே விண்ணப்பத்தில் "தையல் மெஷின்" என்று மட்டும் எழுதாமல், சாதா மெஷினா, ஜுக்கி போன்ற வேக மெஷினா, ஓவர்லொக்கா என்று எழுதுங்கள். எழுதினால் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. எழுதாவிட்டால் மிக மலிவானது வரும்.

எந்தத் தொழிலுக்குக் கேட்டால் கிடைக்கும்?

இந்தக் கேள்வியைத்தான் தலைகீழாகக் கேட்கிறோம் என்பது என் அபிப்பிராயம். யுத்தம் முடிந்து மீள்குடியேறிய காலத்தில், 2010க்குப் பிறகு, வன்னிக்கு வந்த தையல் மெஷின்களை வரிசையில் வைத்தால் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரைக்கும் போகும் என்று பகிடியாகச் சொல்வோம். அரசாங்கமும் கொடுத்தது, தொண்டு நிறுவனங்களும் கொடுத்தன. ஒரே குறிச்சியில் பதினைந்து வீட்டில் மெஷின். தைக்கக் கொடுக்கிற சனமும் அதே பதினைந்து வீடு. பள்ளிக்கூட யூனிபோம் தைக்கிற ஜனவரி மாதம் போனால் மெஷினுக்கு மேலே உடுப்புக் கூடை ஏறிவிடும்.

மெஷின் வரும், வாடிக்கையாளர் அதோடு சேர்ந்து லொறியில் வரமாட்டார். அதனால் உதவிப் பட்டியலைப் பார்க்க முதல் சந்தையைப் பாருங்கள். உங்கள் ஊரில் எதற்காகச் சனம் பஸ் ஏறி வெளியே போகிறது? தண்ணிப் பம்பி திருத்தவா, மோட்டார் சைக்கிளுக்கு டயர் ஒட்டவா, போன் திருத்தவா, மிளகாய்த்தூள் அரைக்கவா? உழவு மெஷின் திருத்துகிற ஒருவர் இல்லாமல் காலபோக விதைப்பு நேரத்தில் மூன்று நாள் வயல் காத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட தொழில்தான் நிலைக்கும். அதைப் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு தலைப்புக்குள் அடக்கிக் கேட்பது இரண்டாவது வேலை, அதற்கு உத்தியோகத்தரே வழி சொல்வார்.

எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது?

அரசாங்கத்தின் வருஷம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வருஷ முற்பகுதியில்தான் பெயர் தெரிவு அதிகம் நடக்கும். அதனால் முந்திய வருஷக் கடைசியிலேயே உங்கள் பெயரும் தேவையும் கிராம அலுவலருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சங்கக் கூட்டக் குறிப்பில் பெயர் ஏறியிருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒதுக்கிய காசு டிசம்பருக்குள் முடியாவிட்டால் திரும்பிவிடும் என்பதால் பொருட்கள் கார்த்திகை, மார்கழியில் அவசரமாக வந்து இறங்கும். அது எங்களுக்கு மாரி. ஒருமுறை எங்கள் பக்கம் ஒரு மாதக் குஞ்சுகளைக் கொட்டுகிற மழையில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஓலைக் கொட்டில் ஒழுகியது, அன்றிரவே கரண்ட் போனது, பல்ப் சூடும் இல்லை. ஒரு அக்கா லாம்பைக் கொளுத்தி அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடியவிடிய இருந்தார். விடிந்தபோது பாதிக் குஞ்சு இல்லை. கோழி கேட்டிருந்தால் புரட்டாதிக்குள் கொட்டில் கூரையை முடித்துவிடுங்கள். முல்லைத்தீவுக் கரையில் வலை கேட்பவர்களுக்கும் இதே கதைதான்: கடல் கொந்தளிக்கிற வாடைக் காலத்தில் வலை வரும், அதை எலி கடிக்காமல் மாசி வரைக்கும் காக்க வேண்டும்.

என்ன பத்திரம் வேண்டும்?

அடையாள அட்டை, கிராம அலுவலரின் வதிவிடச் சான்று, வங்கிப் புத்தகம், பொருளுக்கான விலைக்கோரல், பயிற்சி முடித்திருந்தால் சான்றிதழ். கடன் என்றால் பிணையாளிகளின் பத்திரங்களும். ஒவ்வொன்றிலும் ஐந்து போட்டோப் பிரதி எடுத்து ஒரு பைலில் வையுங்கள். பிரதேச செயலகத்துக்கு முன்னால் உள்ள போட்டோக்கொப்பிக் கடைக்காரருக்குக் கொடுத்த காசே ஒரு கோழி வாங்கக் காணும் என்று சொல்லாதவர் இல்லை.

வியாபாரப் பெயர் பதிவு கட்டாயமா?

உங்கள் சொந்த முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் கட்டாயமில்லை. "ஸ்ரீ முருகன் மில்" என்று பெயர் வைத்தால், தொழில் தொடங்கி 14 நாளுக்குள் பதிய வேண்டும். பிரதேச செயலகத்திலேயே படிவம் எடுக்கலாம். சட்டம் எப்படியிருந்தாலும் வங்கி பதிவுப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்கும், ஆகவே பதிந்துவிடுவது புத்தி.

இதையும் பிரதேச சபை தரும் வருடாந்த உரிமத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு, டிசம்பர் 31ஆம் திகதியோடு காலாவதியாகும். சாப்பாட்டுச் சாமான் என்றால் பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து இடத்தைப் பார்ப்பார். பி.எச்.ஐ.யை முன்கூட்டியே கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் சுவர் கட்டினால் இடிக்க வேண்டி வராது.

தொழில் திட்டம் என்று கேட்கிறார்களே, அதில் என்ன எழுதுவது?

பயப்படாதீர்கள். ஒரு பக்கக் கணக்குத்தான். எவ்வளவு முதல், மாதம் எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு. சனம் பிழைவிடுவது செலவுப் பக்கத்தில். மில் ஒன்றைப் பார்ப்போம். மோட்டார் விலை, கல் விலை எல்லாம் எழுதியிருப்பார்கள். வீட்டுக்கு வருகிற சாதாரண இணைப்பில் பெரிய மோட்டார் ஓடாது, மூன்று பேஸ் இணைப்பு வேண்டும், வீதியில் அந்த லைன் இல்லையென்றால் இழுப்பதற்கு வேறு காசு என்பது எழுதப்பட்டிருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மில் மெஷின் எட்டு மாதம் பொலித்தீனால் மூடப்பட்டுத் திண்ணையில் கிடந்தது. கொடுத்த அலுவலகமும் கேட்கவில்லை, வாங்கியவரும் விசாரிக்கவில்லை. படம் எடுத்த அன்று மட்டும் அதற்கு மாலை போட்டிருந்தார்கள்.

அப்புறம், உங்கள் கூலியைச் செலவில் எழுதுங்கள். காலை ஐந்து மணியிலிருந்து இரவு வரைக்கும் நிற்கிறவருக்கு நாட்சம்பளம் போடாத கணக்கில் எல்லாத் தொழிலும் இலாபமாகத்தான் தெரியும்.

வங்கிக் கடனுக்குப் பிணை எங்கே தேடுவது?

உண்மையான முடிச்சு இதுதான். பிரதேச அபிவிருத்தி வங்கி, இலங்கை வங்கி, மக்கள் வங்கி என அரச வங்கிகள் ஊடாகச் சுயதொழில் கடன்கள் வருகின்றன. ஆனால் பிணைக்கு நிரந்தரச் சம்பளக்காரர் இரண்டு பேரைக் கேட்பது வழக்கம். எங்கள் ஊரில் நிரந்தரச் சம்பளக்காரர் என்றால் பள்ளிக்கூட வாத்தியார்தான். அவர் ஏற்கெனவே நாலு பேருக்குக் கையெழுத்து வைத்திருப்பார், அதில் ஒருவர் கட்டாமல் விட்டிருப்பார். பிணை நின்றதும் கடன் தகவல் பணியகத்தில், அதாவது சனம் "கிறிப்" என்று சொல்கிற இடத்தில், அவருடைய பெயரோடு சேர்ந்து நிற்கும். அவரைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் பெயரிலும் அங்கே என்ன இருக்கிறது என்று விண்ணப்பிக்க முதலே பாருங்கள். சொந்த அறிக்கையை எடுக்க யாருக்கும் உரிமை உண்டு. தவணைக்கு எடுத்த பழைய ரீ.வி.யின் பாக்கி அங்கே நிற்பதைக் கண்டு திடுக்கிட்டவர்கள் பலர். "கிறிப் கடனை மறுத்துவிட்டது" என்பது சரியில்லை. அது விபரத்தை மட்டும் கொடுக்கும், முடிவு வங்கியுடையது. பாக்கியைக் கட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் பேச இடம் இருக்கிறது.

ஆள் பிணை கிடைக்காதவர்கள் சமுர்த்தி வங்கி, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சி நிதி, சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் ஆகிய பக்கம் போகலாம். அங்கே குழுவில் இருப்பவர்களே ஒருவருக்கொருவர் பிணை. தொகை சிறிதுதான். ஆனால் சிறிய கடனை ஒழுங்காகக் கட்டிய புத்தகம், அடுத்த முறை பெரிய வங்கியில் வாயைத் திறக்க உதவும்.

கடன் கேட்க ஆறு மாதத்துக்கு முதலே ஒரு வங்கிக் கணக்கில் வியாபாரக் காசைப் போட்டு எடுக்கத் தொடங்குங்கள். அதிகாரி அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிற விதத்தைப் பார்த்தால் தெரியும், மிச்சக் காசைவிட வரவு செலவைத்தான் பார்ப்பார்.

பெர்மிட் காணியை வைத்துக் கடன் எடுக்கலாமா?

வன்னியில் பெரும்பாலான குடியேற்றக் காணிகள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். வங்கிகள் பொதுவாக அவற்றை ஈடாக ஏற்பதில்லை. அளிப்புப் பத்திரமாக மாறியிருந்தால் நிலைமை வேறு. பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள்.

தொழில் தொடங்கினால் அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குத் தருகிற அஸ்வெசும உதவிப்பணம் வெட்டுப்படுமா?

உதவி வந்தும் வேண்டாம் என்று சொன்னவர்கள் எனக்குத் தெரியும், இந்தப் பயத்தால்தான். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும, கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என ஆறு தலைப்பில் 22 குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளி போடுகிறது. தையல் மெஷின் ஒன்று வந்ததற்காக மட்டும் அடுத்த மாதமே நின்றுவிடும் என்பதில்லை. ஆனால் தகவல் புதுப்பிக்கும்போது வருமானமும் சொத்தும் கூடியிருந்தால் பிரிவு மாறலாம். மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாவாக இருந்து 2025 ஜனவரியில் 17,500 ஆன தொகை அது. சின்னக் காசில்லை. பயம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். மறைப்பது புத்தியில்லை, மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறது, உண்மையான கணக்கு எழுதிய கொப்பி கையில் இருந்தால் அங்கே உதவும்.

அரசாங்கக் கடன் இழுபடுகிறது. வீட்டுக்கு வந்து தருகிற நுண்கடனை எடுக்கலாமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 50,000 ரூபா கடன், கிழமைக்கு 1,200 வீதம் 52 கிழமை. மொத்தம் 62,400. "வட்டி 25 வீதம்கூட இல்லை அக்கா" என்று வந்தவர் சொல்வார். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் குறைந்துகொண்டு வருகிறது; வருஷக் கடைசியில் உங்கள் கையில் இருப்பது ஆயிரத்துச் சொச்சம் மட்டும், வட்டியோ முழு ஐம்பதினாயிரத்துக்கும் போட்டது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 45 வீதம். மிளகாய்த்தூள் விற்று 45 வீத இலாபம் எடுத்தவரை நான் காணவில்லை.

கோழி ஐந்து மாதம் கழித்துத்தான் முட்டையிடும், நெல்லு நாலு மாதம். தவணையோ அடுத்த செவ்வாய்க்கிழமை. அந்த இடைவெளியை அடைக்க இரண்டாவது நிறுவனத்தில் கடன், அதை அடைக்க மூன்றாவது. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், வடக்கின் ஐந்து மாவட்டங்களும் அடங்கலாக, மூன்று மாதம் தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. பிறகு மத்திய வங்கி 35 வீத வட்டி உச்சவரம்பும் கொண்டுவந்தது. ஒழுங்காகக் கட்டியவர்களுக்குத் தள்ளுபடியில் ஒன்றும் இல்லை என்ற கோபம் இன்றைக்கும் ஊரில் இருக்கிறது.

எடுக்கத்தான் வேண்டுமென்றால், தினமும் காசு புழங்குகிற தொழிலுக்கு மட்டும் எடுங்கள். அப்பக் கடைக்குச் சரி. கறவை மாட்டுக்குக் கூடவே கூடாது.

பெண் தலைமைத்துவக் குடும்பம், மாற்றுத்திறனாளி, புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளி: தனி உதவி உண்டா?

உண்டு. முதலாமவர் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும், இரண்டாமவர் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் பதிந்திருக்க வேண்டும். யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்களும் புனர்வாழ்வு பெற்றவர்களும் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகத்தின் திட்டங்களையும் விசாரிக்கலாம். சில தெரிவுகளில் இந்தப் பதிவுக்கு முன்னுரிமை இருக்கும், ஆகவே திட்டம் வரட்டும் என்று காத்திராமல் பெயரை முதலே பதிந்து வையுங்கள்.

கைவேலை தெரியும், சான்றிதழ் இல்லை. என்ன செய்யலாம்?

பதினைந்து வருஷம் வயரிங் செய்தவர் மறுபடி வகுப்பில் குந்தத் தேவையில்லை. நைற்றா என்கிற அரச தொழிற்பயிற்சி நிறுவனம் ஊடாக, அனுபவத்தைப் பரீட்சித்து என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிற முறை இருக்கிறது. புதிதாகப் படிக்க வேண்டியவர்களுக்குத் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன.

வரி கட்ட வேண்டி வருமா?

2025 ஏப்ரலிலிருந்து வருஷ வருமானம் 18 இலட்சம் ரூபா வரைக்கும் தனியாளுக்கு வருமான வரி இல்லை. வருமானம் என்பது விற்பனையல்ல, செலவு போக மிஞ்சுவது. ஆனால் டின் இலக்கம், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம், எடுத்து வையுங்கள், 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் எடுக்க வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. டின் எடுத்தால் வரிக்காரர் வீட்டுக்கு வருவார் என்பது வெறும் கதை.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் என் பெயர் வரவில்லை. வசதியானவர் பெயர் வந்திருக்கிறது.

வாசலில் நின்று சண்டை பிடிப்பதைவிட எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எந்த அடிப்படையில் தெரிவு நடந்தது, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், உங்கள் விண்ணப்பத்துக்கு என்ன முடிவு எழுதப்பட்டது என்று அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். தமிழில் எழுதலாம். ஒரு தாள் போதும், கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எங்கள் சங்கத்திலிருந்து இப்படி ஒருமுறை கேட்டோம். பழைய பட்டியல் மாறவில்லை. ஆனால் அடுத்த வருஷப் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள்.

உங்கள் விண்ணப்பத்தை முன்னுக்குத் தள்ளிவிடுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நான் கண்டவரையில், அப்படிக் கேட்டவரின் கையில் விண்ணப்பமே இருக்கவில்லை.

தொழில் படுத்துவிட்டால் கடனை என்ன செய்வது?

தவணை தவற முதல் வங்கிக்குப் போங்கள். தவறின பிறகு போவதற்கும் முதலே போவதற்கும் நிறைய வித்தியாசம். காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். காரணம் மழையோ நோயோ என்றால் கிராம அலுவலரின் கடிதம், மிருக வைத்தியரின் அறிக்கை போன்றவற்றைக் கொண்டுபோங்கள். பிணை நின்றவருக்கும் சொல்லிவிடுங்கள். எங்கள் ஊர் வாத்தியாருக்கு ஒருவர் கட்டவில்லை என்ற விஷயம் தன் சம்பளச் சீட்டில் வெட்டு விழுந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கையெழுத்து வைப்பதில்லை, சொந்த மருமகனுக்கும்கூட.